அளவு நாடாவோடு ஹற்றனுக்கு

2025 பெப்ரவரி 12, புதன் – கித்துல்கல

போயா தினம், பௌர்ணமி விடுமுறை. சிவனொளிபாத மலைக்குச் சனம் போகிற காலமும் கூட. ஹற்றன் பஸ் கொழும்பிலேயே நிரம்பிவிட்டது. வெள்ளை உடுத்த குடும்பங்கள், போர்வை மூட்டைகள், தோளில் தூங்கும் குழந்தைகள். அவிசாவளை வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கே ஒரு சிங்கள அம்மா தன் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அவர் கொண்டுவந்த அவித்த கடலையிலும் எனக்குப் பங்கு கிடைத்தது.

நேரே ஹற்றனுக்குப் போயிருக்கலாம். இடையில் இறங்கியது பெலிலென குகைக்காக. உயிரியல் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம். இந்தக் குகையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. போய்வர 1,800 ரூபா என்று ஒரு த்ரீவீலர்காரர் சொன்னார். றப்பர் தோட்டங்களுக்கு ஊடாக ஏற்றம். கடைசித் துண்டு நடைதான். முதல்நாள் மழை பெய்திருந்தது, பாதை முழுக்க அட்டை. சாரதி ஒரு சவர்க்காரத் துண்டைத் தந்து, காலில் நன்றாகத் தேய்க்கச் சொன்னார். அப்படியும் ஏழு அட்டை பிடித்தது. ஏழையும் அவரே குனிந்து தட்டிவிட்டார்.

குகை நான் நினைத்ததைவிடப் பெரியது. பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நிலம் காய்ந்திருந்தது. தொல்லியலாளர் சிரான் தெரணியகல இங்கே அகழ்ந்தபோது முப்பதாயிரம் வருடத்துக்கும் முந்திய வாழ்க்கை வெளிவந்தது: சின்னச் சின்னக் கல் ஆயுதங்கள், நத்தை ஓடுகள், குரங்கு எலும்புகள், காட்டு ஈரப்பலா, காட்டு வாழை. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உப்பும் கடற்சிப்பியும் கூட.

என்னை இங்கே இழுத்து வந்தது இன்னொரு விஷயம். இந்தத் தீவின் ஆதி வேட்டை மக்களைப் பலாங்கொடை மனிதர் என்கிறோம். இரத்தினபுரி மாவட்டத்து பெல்லன்பெந்திபெலஸ்ஸவில் கிடைத்த அவர்களுடைய எலும்புகளை வைத்து, ஆண்கள் சராசரி 174 சென்ரிமீற்றர், பெண்கள் 166 சென்ரிமீற்றர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து அடி எட்டரை அங்குல ஆண், ஐந்து அடி ஐந்தரை அங்குலப் பெண். இன்றைக்கு நம் சனத்தின் நடுவில் நின்றால் நெட்டையர் என்போம். அவர்களுக்கு அரசன் இல்லை, களஞ்சியம் இல்லை, தானியம் விளைக்கும் வயலும் இல்லை. கிடைத்ததை எல்லாரும் தின்றார்கள்.

அடிவாரக் கடையில் சோறும் பொலொஸ் கறியும், 400 ரூபா. போயா என்பதால் மீன் இல்லை. பிஞ்சுப் பலாக்காய் கறுப்பாக, கறுவா மணத்தோடு, இறைச்சிபோல வெந்திருந்தது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவே இல்லை. கடைக்காரரின் மனைவி வெற்றிலைச் சுண்ணாம்பு பூசிவிட்டார்.

இரவு எட்டு மணிக்கு ஹற்றன். பஸ் கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது.

2025 பெப்ரவரி 13, வியாழன் – ஹற்றன்

தோழியின் வீடு டிக்கோயா வீதியில். ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். இப்போது ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தரத்துக்குப் படிப்பிக்கிறாள். "எங்க புள்ளைங்களுக்கு ஒரு நாள் வந்து பேசுங்கக்கா" என்று மூன்று வருடமாகக் கேட்கிறாள். எலும்புகளைப் பற்றிப் பேசுவது என்று முடிவாகியிருந்தது. எலும்பை அளந்து, அந்த ஆள் எவ்வளவு உயரம், எப்படி வாழ்ந்தார் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதே தலைப்பு.

அவளுடைய மகள் கதவைத் திறந்தபோது அண்ணாந்து பார்த்தேன். பதினேழு வயது, ஐந்து அடி நாலு அங்குலம். தோழி நாலு அடி பத்து. "வாங்க பெரியம்மா" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும். தேங்காய் ஒன்று 210 ரூபா விற்கிறதாம், அதனால் ரொட்டியில் தேங்காய்ப்பூ குறைவு என்று தோழி இரண்டு தரம் சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சூடான தேத்தண்ணியோடு நாலு சாப்பிட்டேன். பிறகு கடைத்தெரு. லீக்ஸும் கரட்டும் யாழ்ப்பாணத்தில் கொடுக்கிற விலையில் பாதிக்குக் கிடைத்தன. 400 கிராம் பால்மா மட்டும் எங்கும்போல ஆயிரம் ரூபாவை ஒட்டித்தான். தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பால்மாப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனாள்.

கடைப் பையன் நான் வாய் திறந்ததுமே, "யாழ்ப்பாணமா மிஸ்?" என்றான். ஒரு சொல்லிலேயே பிடித்துவிடுகிறார்கள்.

2025 பெப்ரவரி 14, வெள்ளி – பாடசாலை

இந்த நாளை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாடசாலை மலை முகட்டில். முப்பத்தொரு மாணவர்கள், பாதிப் பேர் கம்பளிச் சட்டைக்குள் கையை ஒளித்துக்கொண்டு இருந்தார்கள். தொடையெலும்பிலிருந்து தொடங்கினேன். நம் உயரத்தில் அது நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரரின் எலும்புகளை ஹவாயில் அடையாளம் காண வேண்டியிருந்தபோது, மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற பெண் அவற்றை அளந்தார். கோல்டின் கிளெஸரோடு சேர்ந்து 1952இல் சூத்திரத்தை வெளியிட்டார். வெள்ளையின ஆண் என்றால் தொடையெலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்ட வேண்டும். எலும்பு 45 சென்ரிமீற்றர் என்றால் ஆள் ஏறக்குறைய 168.5 சென்ரிமீற்றர். நமக்கு அப்படியே பொருந்தாது, ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் கால், உடல் விகிதம் வேறு. அதையும் சொன்னேன்.

அடுத்தது அந்தஸ்து. கிரேக்க நாட்டு மைசீனியில் 3,500 வருடத்துக்கு முந்திய அரச குழிக்கல்லறைகள் இருக்கின்றன, தங்க முகமூடிகள் கிடைத்த இடம். அங்கே கிடந்தவர்களையும் அக்காலத்துச் சாதாரண சனத்தையும் எலும்பு ஆய்வாளர் லோரன்ஸ் ஏஞ்சல் ஒப்பிட்டார். அரச வீட்டு ஆண்கள் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் உயரம் கூட. பற்களும் நல்ல பற்கள்: சாதாரண ஆளுக்குச் சொத்தையும் விழுந்ததுமாக ஆறு பல் என்றால், அரச வீட்டாருக்கு ஒன்று. குவாத்தமாலாவின் டிக்கல் என்ற மாயா நகரத்தில் வில்லியம் ஹவிலண்ட் 1967இல் இதே கதையை எழுதினார். பெரிய கல்லறைகளில் புதைத்த ஆண்கள் மற்றவர்களைவிடச் சுமார் 7 சென்ரிமீற்றர் உயரம். நகரத்தின் கடைசிக் காலத்தில், சனம் பெருகி உணவு இறுகியபோது, சாதாரண ஆண்கள் முந்தியதைவிடவும் குட்டையானார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையும் ஒன்று சொன்னேன். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் ஓர் எலும்புக்கூட்டோடு 'கோவேத' என்று பொறித்த முத்திரை கிடைத்தது. 'கோ' என்றால் தலைவன். அங்கே முத்திரைதான் ஆளை யாரென்று காட்டிக்கொடுத்தது. முத்திரை கிடைக்காத இடத்தில் எலும்பிடம்தான் கேட்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படியே இருக்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எகிப்தில் பாரோக்களின் மம்மிகளை அளந்தபோது அவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றார்கள், சாதாரண சனத்தில்தான் நெட்டையும் குட்டையும் கலந்திருந்தன. அரச குடும்பத்துக்குள்ளேயே கலியாணம் செய்துகொண்டதன் அடையாளம் அது என்கிறார்கள். இங்கிலாந்தில் ஆயுதங்களோடு புதைத்த பழைய ஆண்கள் மற்றவர்களைவிட உயரம். அது சாப்பாட்டாலா, வேறிடத்திலிருந்து வந்த குடிகள் என்பதாலா என்பதில் இழுபறி உண்டு. ஓர் ஆளின் உயரத்தில் தாய் தகப்பனின் பங்கு பெரிது. கூட்டம் கூட்டமாக எடுத்துச் சராசரி பார்க்கும்போதுதான் சோறும் நோயும் வெளியே தெரியும்.

அடுத்த படம் ஒரு பழைய பல். முன்பல்லின் குறுக்கே கோடு கிழித்ததுபோலப் பள்ளம். பிள்ளை பசியாலோ காய்ச்சலாலோ வாடும்போது பல்லின் மேற்பூச்சான மிளிரி உருவாவது தடைப்படும், கோடு விழும். எலும்பு பிறகு தன்னைத் திருத்திக்கொள்ளலாம், பல் திருத்திக்கொள்ளாது. இந்தப் படத்தைக் காட்டுவதா விடுவதா என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். தோழி கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். காட்டினேன்.

"கேள்வி இருக்கா?" என்றேன். பின்வரிசையில் ஒரு பையன் எழும்பினான். ஒல்லி, காதைச் சுற்றி மஃப்ளர்.

"டீச்சர், இன்னும் ஆயிரம் வருசம் கழிச்சி எங்க லயத்துப் பக்கம் தோண்டுனா, எங்க எலும்பப் பாத்து எங்கள என்னான்னு சொல்லுவாங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் வாய் வரவில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். மைசீனியில் கல்லறைக்குள்ளும் வெளியிலும் ஏஞ்சல் அளந்தது இதைத்தான்.

அதை அப்படியே சொன்னேன், எண்ணோடு. பொய் சொல்லி ஆறுதல் படுத்துகிற வயதில் அவர்கள் இல்லை. ஒரு பிள்ளை, "எங்க வம்சமே கட்டைங்கதான் டீச்சர்" என்றாள். அதற்கு மட்டும் எனக்குக் கோபமே வந்தது, அவள் மேல் இல்லை, அப்படிச் சொல்லிப் பழக்கினவர்கள் மேல். தென்கொரியாவில் 1896இல் பிறந்த பெண்களையும் 1996இல் பிறந்த பெண்களையும் ஒப்பிட்டால் 20 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்று பலகையில் எழுதினேன். நூறு வருடத்தில் வம்சம் மாறவில்லை, கோப்பையில் விழுந்தது மாறியது. பிறகு கித்துல்கல குகையைச் சொன்னேன். இந்த மலைக்கு இரண்டு மணி நேரம் கீழே, அரசனே இல்லாத சனம், அதே பலாங்கொடை மனிதர், பெல்லன்பெந்திபெலஸ்ஸ எலும்புகளின்படி ஆண்கள் சராசரி 174 சென்ரிமீற்றர்.

பையன் அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டான்.

கேள்விகள் ஓயவில்லை, மணி அடித்தும் நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது கால் தளர்ந்திருந்தது. ஆசிரியர் அறையில் யாரோ வடையும் பிளேன் டீயும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரென்று பார்க்கக்கூட இல்லை.

2025 பெப்ரவரி 15, சனி – தோட்டம்

தோழியின் அம்மா இன்னும் லயத்தில்தான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்தான் இருக்கிறார், நோர்வூட் பக்கம். நகரத்து வீட்டில் நாலு நாளுக்கு மேல் இருக்கமாட்டாராம். காலை பத்து மணி வரை பனிமூட்டம், எதிரில் வருகிறவர் பத்தடியில்தான் தெரிந்தார். வழியில் கூடையோடு போன பெண்கள் எல்லாரும் "யாரு வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டே போனார்கள். ஒருத்தி எங்கள் பையையும் வாங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களம் வரை கொண்டுவந்து தந்தாள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். நான் பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் அளந்தேன். நாலு அடி ஏழு. வயதோடு முதுகு குறுகுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"செடிக்கு மேல என் தல தெரிஞ்ச அன்னிக்கி கூடய மாட்டி விட்டுட்டாங்க டீச்சரம்மா" என்றார். "எனக்கு ரொம்ப நாளா தெரியவே இல்ல. அதால ரெண்டு வருசம் கூடப் படிச்சேன்."

அந்த நேரம் தோழியின் தங்கையும் வந்தாள். 1983இல் பிறந்தவள். இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தி அளந்தேன். தங்கை ஐந்து அடி ஒன்று, அக்கா நாலு அடி பத்து. மூன்று அங்குலம், அதாவது ஏழரை சென்ரிமீற்றர். அதே தாய், அதே தகப்பன், அதே காம்பரா. டிக்கலில் கல்லறைக்கும் குடிசைக்கும் நடுவில் இருந்த இடைவெளி இங்கே ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு நடுவில். ஒரு வீட்டை வைத்து விஞ்ஞானம் பேசக்கூடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் தோழிதான் அதைத் தொடங்கினாள்.

"அக்கா, நேத்து காட்டுன பல்லு மாதிரிதான எனக்கும் இருக்கு?"

இருக்கிறது. முன்பல் இரண்டிலும் குறுக்கே ஒரு வரி. கலாசாலைக் காலத்திலிருந்தே பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்தப் பல்லின் மேற்பூச்சு உருவாவது பிறந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள். தோழி பிறந்தது 1974 ஆடியில்.

அம்மா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ பொறந்த வருசம் அரிசியும் இல்ல, மாவும் இல்ல. கூப்பன் இருந்தும் கடையில சாமான் இல்ல. மரவள்ளிக் கெழங்கு அவிப்போம், கீர பறிச்சி அவிப்போம். எனக்குப் பாலே ஊறல. கஞ்சித் தண்ணியத் துணியில நனச்சி இவ வாயில வச்சேன். இவளுக்கு முன்ன ஒண்ணு இருந்துச்சி, ஆம்பளப் புள்ள. அது தங்கல."

1973, 74 பஞ்சம் பற்றிப் படித்திருக்கிறேன். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. உலகச் சந்தையில் விலை ஏறியது, பங்கீடு வெட்டப்பட்டது, காய்கறி போட ஒரு துண்டு சொந்த நிலம்கூட இல்லாத சனம் முதலில் விழுந்தது. படித்தது வேறு. தோழியின் பல்லில் அந்த வருடம் எழுதியிருக்கிறது, இனி அவள் எங்கே போனாலும் அது கூடவே போகும்.

தோழி அழவில்லை. "அப்ப என் மேல தப்பில்ல, இல்லியாக்கா?" என்றாள். ஓட்டப் பந்தயத்தில், கலாசாலை நாடகத்தில், பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடிக்க எட்டாதபோது என்று, ஐம்பது வருடமாக இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மத்தியானம் அம்மா கோழி அடித்துச் சமைத்திருந்தார். நான் எவ்வளவு சொல்லியும் என் கோப்பையில் இரண்டு துண்டு கூடவே விழுந்தது. வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, மேலே வானம் வெளுத்திருந்தது. திரும்பும்போது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் சின்னப் பிள்ளைகள் தகரக் கோப்பையில் திரிபோஷ சத்துமா தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தன் உருண்டையை எனக்கு நீட்டினான். வாங்கவில்லை, தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு – தலவாக்கலை

நுவரெலியா போவதாக இருந்தோம். வானின் டயர் தலவாக்கலைக்கு முன்னால் வெடித்தது. மேலதிக டயரிலும் காற்று இல்லை. இரண்டரை மணி நேரம் வீதியோரம் நின்றோம். தூறல். எதிர் வீட்டு முஸ்லிம் ஐயா ஒருவர் எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டு, இஞ்சித் தேத்தண்ணி தந்து, மருமகனை மோட்டார் சைக்கிளில் டயர் கடைக்கு அனுப்பினார். காசு எடுக்க மறுத்துவிட்டார். எனக்கு அன்றைக்கே காய்ச்சல் பிடித்தது. நுவரெலியாவைப் பார்க்காமலே திரும்பினோம், அதில் கவலை இல்லை.

இரவு தோழியின் மகள் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். என் நாடாவைக் கேட்டாள். பாடசாலையில் அந்தப் பையனும் இன்னும் நாலு பேரும் வீட்டு ஆட்களை எல்லாம் அளக்கப்போகிறார்களாம், தாத்தா பாட்டி தொடக்கம், பிறந்த வருடத்தோடு. எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்: செருப்பில்லாமல், குதிக்கால் சுவரில் ஒட்ட, பார்வை நேராக, காலை வேளையில். பின்னேரம் அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் குறையும்.

2025 பெப்ரவரி 17, திங்கள் – திரும்பும் பஸ்

தோழியின் அம்மா அனுப்பிய பொதி மடியில்: லீக்ஸ், இரண்டு கிலோ கரட், கடதாசியில் சுற்றிய தேயிலைத்தூள். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது, முன்னால் ஒரு லொறி குறுக்கே. காய்ச்சல் விட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளையை என் மடியில் தந்துவிட்டு இறங்கிப் போய் இரண்டு பேருக்குமாக வடை வாங்கி வந்தாள், ஒன்று 60 ரூபா. பிள்ளை ஒன்றரை வயது இருக்கும். நான்கு பல், வெள்ளையாக, கோடு எதுவும் இல்லை.

கித்துல்கல தாண்டித்தான் போனுக்கு சிக்னல் வந்தது. தோழி ஒரு படம் அனுப்பியிருந்தாள், கொப்பியில் கிழித்த தாள், பையனின் எழுத்து.

தாத்தா, 1951: 5 அடி 1.
அப்பா, 1979: 5 அடி 4.
அம்மா, 1982: 4 அடி 11.
நான், 2007: 5 அடி 6. இன்னும் வளர்றேன் டீச்சர்.